புரோகால்சிடோனின் எவ்வளவு? தீவிர சிகிச்சைப் பிரிவின் எண்களைப் பற்றி

2021-ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, புதுச்சேரி, கடலூர் வட்டாரங்களில் நோயாளிகளின் உறவினர்கள் பேசும் பேச்சில் சில சொற்கள் நிலையாகத் தங்கிவிட்டன. டி-டைமர், ஃபெரிட்டின், சிஆர்பி, ஐஎல்-6 என்று ஆய்வகத்துக்குள் மட்டுமே புழங்கிவந்த பெயர்களை, பாகூரிலிருந்தோ நெல்லிக்குப்பத்திலிருந்தோ தந்தையை அழைத்து வரும் மகன் இன்று இயல்பாகச் சொல்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களில் சிலர், "அப்பா கண்ணு முழிச்சாரா?" என்பதற்கு முன்பாகவே "சிஆர்பி குறைஞ்சிருக்கா சார்?" என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த அலையின்போது நாள்தோறும் ஒரே பரிசோதனைத் தொகுப்பை எழுதி, வந்த எண்களை வட்டமிட்டு, அவற்றை வைத்தே நிலைமையை விளக்கிய மருத்துவமனைகளிடமிருந்துதான் அவர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

மருத்துவர்கள் பயோமார்க்கர் என்று சொல்லும் இவற்றை இந்தப் பதிவில் குறிப்பான் என்றே எழுதுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில் எனக்கு இவற்றைப் பற்றி ஓர் உறுதியான கருத்து உண்டு. பெரும்பாலான குறிப்பான்கள், ஒரு சிகிச்சையைத் தொடங்கு என்று சொல்லும்போது பலவீனமான சாட்சிகள். ஒரு சிகிச்சையை நிறுத்தலாம், அல்லது தொடங்காமலே இருக்கலாம் என்று சொல்லும்போதுதான் அவற்றின் சாட்சியம் எடுபடுகிறது. நடைமுறையிலோ நாம் அவற்றைப் பெரும்பாலும் முதல் வேலைக்கே அழைக்கிறோம்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1998-இல் அமைத்த ஒரு குழு குறிப்பானுக்கு வரையறை வகுத்தது. அது 2001-இல் வெளியானது. உடலின் இயல்பான செயல்பாட்டையோ, நோயின் போக்கையோ, மருந்துக்கு உடல் காட்டும் எதிர்வினையையோ சுட்டுவதாக, புறவயமாக அளந்து மதிப்பிடக்கூடிய எந்தப் பண்பும் குறிப்பான் என்பது அதன் சாரம். அந்த வரையறையின்படி பார்த்தால் காய்ச்சலும் நாடித்துடிப்பும் சிறுநீர்ப் பையில் சேரும் அளவும் குறிப்பான்கள்தாம். ஆயினும் ஆய்வுலகம் ரத்தத்தில் கரைந்திருக்கும் மூலக்கூறுகளின் பின்னால்தான் ஓடியது. தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையால் உறுப்புகள் பழுதாகும் செப்சிஸ் என்ற ஒரே நிலைக்கு மட்டும் எத்தனை குறிப்பான்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன என்று 2010-இல் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, 3,370 ஆய்வுகளில் 178 குறிப்பான்கள் கிடைத்தன. 2020-இல் அந்தக் கணக்கைப் புதுப்பித்தபோது 5,367 ஆய்வுகளில் 258 குறிப்பான்கள். இவற்றில் நம் ஊர்களின் வார்டுகளில் உண்மையில் பயன்படுபவற்றை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

அந்த ஒரு கைக்குள் முதலிடம் புரோகால்சிடோனினுக்கு. 116 அமினோ அமிலங்களால் ஆன இந்தப் புரதம், தைராய்டு சுரப்பியின் சி-செல்கள் சுரக்கும் கால்சிடோனின் என்ற ஹார்மோனின் முன்வடிவம். நலமாக இருப்பவரின் ரத்தத்தில் இது ஏறத்தாழ இல்லை என்றே சொல்லிவிடலாம். பாக்டீரியாத் தொற்று கடுமையாகும்போது, தைராய்டுக்குச் சிறிதும் தொடர்பில்லாத பல திசுக்களும் இதை வெளியிடத் தொடங்குகின்றன. செப்சிஸில் இது பெருமளவு உயர்வதை 1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் லான்செட் இதழில் பதிவுசெய்தார்கள். தொற்று தூண்டிய சில மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, தூண்டுதல் நின்றதும் ஏறத்தாழ ஒரு நாளுக்குப் பாதியாகக் குறையும் இதன் போக்குதான் இதன் பெரும் சிறப்பு. ஒப்பிட்டால் சிஆர்பி சற்று மந்தமானது. 1930-இல் நிமோகாக்கஸ் கிருமியின் சி-பாலிசாக்கரைடு என்ற பொருளோடு வினைபுரியும் புரதமாக டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவரால் கண்டறியப்பட்ட அது, கல்லீரலில் உற்பத்தியாகி, உச்சத்தைத் தொடவே 2 நாள் எடுத்துக்கொள்கிறது. எலும்பு முறிவுக்கும் கணைய அழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும்கூட உயர்கிறது.

இவ்வளவு சிறப்புடைய புரோகால்சிடோனினைக் கொண்டு, "இவருக்குப் பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா?" என்ற கேள்விக்கு விடை காண முடியுமா? 30 ஆய்வுகளையும் 3,244 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்து 2013-இல் வெளியான தொகுப்பாய்வு, செப்சிஸ் உள்ளவர்களில் 77 விழுக்காட்டினரை அது சரியாகக் கண்டுபிடிப்பதாகவும், செப்சிஸ் இல்லாதவர்களில் 79 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குவதாகவும் கணக்கிட்டது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. செப்சிஸ் இருக்க 50 விழுக்காடு வாய்ப்புள்ள 100 நோயாளிகளிடம் இந்தச் சோதனையைச் செய்தால், 38 அல்லது 39 பேரைச் சரியாகப் பிடிக்கும். 10 அல்லது 11 பேரைத் தவறாகச் சுட்டும். அதே சோதனையை, காய்ச்சல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, செப்சிஸ் வாய்ப்பு 10 விழுக்காடு மட்டுமே உள்ள 100 பேரிடம் செய்து பாருங்கள். சரியாகப் பிடிபடுபவர்கள் 8 பேர். தவறாகச் சுட்டப்படுபவர்கள் 19 பேர். கைநழுவிப் போகிறவர்கள் 2 பேர். கருவியும் வேதிப்பொருளும் மாறவில்லை. யாரிடம் கேட்டோம் என்பதுதான் மாறியிருக்கிறது. படுக்கையருகே நின்று நோயாளியைப் பார்த்து உருவாகும் ஐயத்தின் அளவு தெரியாமல் எண்ணைப் படிக்க முடியாது என்பது இந்த எளிய பெருக்கல் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

கைநழுவும் அந்த 2 பேர்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறார்கள். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, புரோகால்சிடோனின் குறைவு என்பதற்காக ஆன்டிபயாடிக்கை மறுக்க எந்த மருத்துவரும் துணிய மாட்டார், துணியவும் கூடாது. அப்படியென்றால் எண் எதுவாக வந்தாலும் அந்த நேரத்தில் செய்யப்போவது ஒன்றே. எதையும் மாற்றப்போகாத எண்ணுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? உலக அளவிலான செப்சிஸ் வழிகாட்டுதலின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பும், ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவதா என்று முடிவெடுக்க மருத்துவரின் மதிப்பீட்டோடு புரோகால்சிடோனினையும் சேர்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை.

எண் ஏறும்போதெல்லாம் மருந்தை வலுப்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் டென்மார்க்கில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1,200 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், நாள்தோறும் புரோகால்சிடோனின் பார்த்து, அது எதிர்பார்த்தபடி குறையாதபோது ஆன்டிபயாடிக்கை விரிவாக்கினார்கள். உயிர் பிழைப்பவர்கள் கூடவில்லை; தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்கும் காலம் நீண்டது; உறுப்புகளுக்கு நேரும் பாதிப்பும் கூடியது. எண்ணைத் துரத்திய சிகிச்சை உடலைக் காயப்படுத்தியது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். நெதர்லாந்தின் 15 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், புரோகால்சிடோனின் உச்ச அளவிலிருந்து 80 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தாலும், அல்லது 0.5-க்குக் கீழே வந்தாலும், ஆன்டிபயாடிக்கை நிறுத்துமாறு மருத்துவருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது, கட்டாயப்படுத்தப்படவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஆன்டிபயாடிக் நாட்களின் இடைநிலை அளவு 7-இலிருந்து 5-ஆகக் குறைந்தது. மருந்தைக் குறைத்ததால் இறப்பு கூடிவிடுமோ என்ற அச்சத்துக்கு மாறாக, 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 25 விழுக்காடு, புரோகால்சிடோனின் பிரிவில் 20 விழுக்காடு. இந்த 5 விழுக்காட்டை நான் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். ஏனெனில் பின்னர் பிரிட்டனின் 41 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,760 நோயாளிகளிடம் நடந்து 2024 டிசம்பரில் வெளியான பெரிய ஆய்வில் அப்படியொரு ஆதாயம் தென்படவில்லை. அங்கே புரோகால்சிடோனின் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களின் ஆன்டிபயாடிக் காலம் 10.7 நாளிலிருந்து 9.8 நாளாகக் குறைந்தது. இறப்பு விகிதம் வழக்கமான சிகிச்சையைவிட மோசமாகவில்லை. அதே ஆய்வில் சிஆர்பியைப் பார்த்தவர்களுக்கு மருந்துக் காலம் குறையவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் குறைவு என்பது சிறிய லாபமா என்று கேட்டால், பிரிட்டனுக்கு வேண்டுமானால் சிறியதாக இருக்கலாம். வலுவான ஆன்டிபயாடிக்குகளான கார்பபெனெம் மருந்துகளுக்கே அடங்காத கிளப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் கிருமிகள் வார்டுகளில் குடிகொண்டிருக்கும் இந்தியாவில், அவ்வகை மருந்தான மெரோபெனெமைத் தேவையின்றிக் கொடுக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு வைக்கும் கடன். ஆனால் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. ரத்தத்தில் பாக்டீரியா பரவியவர்களுக்கு 7 நாள் சிகிச்சையே 14 நாளுக்கு ஈடாகப் போதும் என்று, 7 நாடுகளில் 3,608 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2024-இல் காட்டிவிட்டது. மூளைக்காய்ச்சல், இதய உள்ளுறை அழற்சி, வடிக்கப்படாத சீழ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் தொற்று போன்றவை அதில் சேராது. மற்றவர்களுக்கு 7 நாள் என்பது பாதுகாப்பான எல்லை. ஆகவே தேதியை எழுதிவைத்து 7-ஆம் நாள் நிறுத்தும் ஒழுங்கு ஒரு வார்டில் இருந்தால், புரோகால்சிடோனின் அதற்கு மேல் கொண்டுவரும் லாபம் சுருங்கிவிடுகிறது. ஒழுங்கு இல்லாத இடத்தில்தான் சோதனைக்கு அதிக மதிப்பு. ஆனால் ஒழுங்கு இல்லாத இடத்தில் சோதனை முடிவை மதித்து மருந்தை நிறுத்தவும் மாட்டார்கள். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பகுதிகளிலுள்ள சிறிய மருத்துவமனைகளில் ரத்த மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, காலையில் எடுத்ததற்கு மாலையிலோ மறுநாளோ முடிவு வரும் நிலையில், செலவுக்கேற்ற பயன் கிடைப்பது அரிது. அங்கிருக்கும் இளம் மருத்துவர்கள் என்னைக் கேட்டால், முதலில் மருந்துச் சீட்டில் தொடங்கிய தேதியைப் பெரிதாக எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

எண் ஏன் கிருமியின் பெயரைச் சொல்லாது என்பதற்கு நம் வட்டாரமே நல்ல பாடம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில், காய்ச்சலோடு மூச்சுத்திணறலும் மஞ்சள் நிறக் கண்களும் சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ஏறிய கிரியாட்டினினுமாக வருபவர்களில் கணிசமானோருக்கு இருப்பது ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் ஓரியன்ஷியா என்ற கிருமி உடலில் புகுந்து வரும் நோய் இது. முந்திரித் தோப்பில் சருகு கூட்டுபவர்களுக்கும், கரும்புக் கொல்லையில் வேலை செய்பவர்களுக்கும், வயலோரம் விறகு பொறுக்குபவர்களுக்கும் வருகிறது. இந்த நோய் கடுமையாகும்போது புரோகால்சிடோனின் உயர்வதுண்டு. மலேரியாவிலும் எலிக்காய்ச்சலிலும் உயர்வதுண்டு. "10-க்கு மேல் இருக்கிறது, கடும் பாக்டீரியாத் தொற்று" என்று முடிவுகட்டி மெரோபெனெமைத் தொடங்கினால், அந்த மருந்து ஓரியன்ஷியாவைத் தொடாது. தேவைப்படுவது டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும். கடும் ஸ்க்ரப் டைபஸுக்கு இரண்டையும் சேர்த்து ரத்த நாளம் வழியே கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிட மேல் என்பதை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய பலமைய ஆய்வு 2023-இல் காட்டியது.

அந்த நோயைப் படுக்கையருகிலேயே காட்டிக்கொடுக்கும் குறிப்பான் ஒன்று உண்டு. சிகரெட் நெருப்பால் சுட்டதுபோல் வட்டமாக, நடுவில் கருத்த பொருக்கோடு, வலியில்லாமல் இருக்கும் ஒரு புண். அது அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பகத்தின் அடியிலும் இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்திலும் காதுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். வலிக்காததால் நோயாளி அதைச் சொல்ல மாட்டார். பார்க்காததால் மருத்துவர் அதை எழுத மாட்டார். எல்லோருக்கும் அது இருப்பதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் செவிலியர் ஒருவரின் துணையோடு உடலை முழுமையாகப் பார்க்க ஆகும் 5 நிமிடம், எந்த ஆய்வக அறிக்கையையும்விட விரைவாகச் சிகிச்சையைத் திருப்பிவிடுகிறது.

அடுத்தது லாக்டேட். 1780-இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த அமிலம் இது. 1843-இல் ஜெர்மானிய மருத்துவர் ஷெரர், பிரசவக் காய்ச்சலாலும் ரத்தப்போக்காலும் இறந்த பெண்களின் ரத்தத்தில் இதைக் கண்டார். ஆக, ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலைக்கும் லாக்டேட்டுக்கும் உள்ள உறவு செப்சிஸ் பற்றிய இன்றைய வரையறைகளுக்கு நெடுங்காலம் முன்பே தெரியவந்தது. 2016-ஆம் ஆண்டின் வரையறைப்படி, போதிய திரவம் கொடுத்த பிறகும் ரத்த அழுத்தத்தைத் தாங்க மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் 2-க்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக். அத்தகையோரில் மருத்துவமனை இறப்பு 40 விழுக்காட்டுக்கு மேல்.

லாக்டேட்டின் அபாயம், அது எப்போதும் ஆக்சிஜன் பற்றாக்குறையையே சொல்கிறது என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. அட்ரினலின் சொட்டு ஓடினால் ஏறும். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் தொடர்ந்து கொடுத்தால் ஏறும். வலிப்பு வந்து அடங்கியவருக்கு ஏறும். குடிப்பழக்கத்தால் தயமின் சத்து வற்றியவருக்கு ஏறும். கல்லீரல் கெட்டவருக்கு இறங்க மறுக்கும். இவற்றோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊசிக்குழலில் எடுத்த ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் குளுக்கோஸை உடைத்து லாக்டேட்டை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. பனிக்கட்டியில் வைக்காமல், மே மாத நண்பகலில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அதை எடுத்துச் சென்றால், நோயாளியிடம் இல்லாத உயர்வு அறிக்கையில் வந்துவிடும். உடனே இன்னொரு லிட்டர் சலைன் ஏற்றப்படும். அது நுரையீரலில் போய்த் தேங்கும். எண்ணைக் கண்டு சிகிச்சையைத் தொடங்கும் பழக்கத்தின் விலை இப்படித்தான் வருகிறது.

இதற்கு மாற்றாகத் தென் அமெரிக்காவின் 5 நாடுகளில் 28 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று. செப்டிக் ஷாக்கில் இருந்த 424 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை லாக்டேட் அளந்தார்கள். மறு பிரிவில், வலது ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணாடித் தகட்டால் வெளுக்கும்வரை அழுத்தி, 10 விநாடி அப்படியே பிடித்து, விட்ட பின் சிவப்பு திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று அரை மணிக்கு ஒருமுறை பார்த்தார்கள். 3 விநாடிக்கு மேல் ஆனால் சரியில்லை. 2019-இல் வெளியான முடிவில் 28-ஆம் நாள் இறப்பு லாக்டேட் பிரிவில் 43.4 விழுக்காடு, விரல் அழுத்திப் பார்த்த பிரிவில் 34.9 விழுக்காடு. புள்ளியியல் எல்லையை இந்த வேறுபாடு மயிரிழையில் தவறவிட்டதால் விரல் வென்றது என்று சொல்ல முடியாது; தோற்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். விரலின் சிறப்பு, "போதும், திரவத்தை நிறுத்து" என்று அது விரைவாகச் சொல்வதில் உள்ளது. சுழற்சி சரியான பிறகும் லாக்டேட் மெதுவாகத்தான் இறங்கும். அது இறங்கும்வரை காத்திருப்பவர் தேவைக்கு மேல் திரவம் ஏற்றிக்கொண்டிருப்பார்.

நிறுத்தும் எண்ணுக்கும் தொடங்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொதுமக்களுக்கு விளக்க டெங்குவைவிட நல்ல உதாரணம் இல்லை. டெங்கு என்றதும் "கவுண்ட் எவ்வளவு?" என்ற கேள்விதான் எழுகிறது, தட்டணு எண்ணிக்கை 20,000-க்குக் கீழே போய்விட்டால் குடும்பமே ரத்த வங்கிக்கு ஓடத் தயாராகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே இருந்த 372 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், ரத்தக்கசிவைத் தடுப்பதற்காக முன்கூட்டியே தட்டணு ஏற்றியது பயன் தரவில்லை; பக்கவிளைவுகளே கூடின. இது 2017-இல் லான்செட்டில் வெளியானது. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து வெளியேறுவதுதான். அதைச் சொல்லும் எண், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமாட்டோக்ரிட். காய்ச்சல் இறங்கும் நாட்களில் அது அடிப்படை அளவிலிருந்து 20 விழுக்காடு ஏறினால் கசிவு கணிசமானது என்று பொருள். அந்த 24 முதல் 48 மணி நேரம் முடிந்து, சிறுநீர் பெருகி, ஹீமாட்டோக்ரிட் இறங்கத் தொடங்கும்போது திரவத்தை நிறுத்தியாக வேண்டும். அந்த நேரத்திலும் தட்டணு குறைவாகவே இருக்கக்கூடும். குறைவாக இருக்கிறதே என்று தொடர்ந்து சொட்டு ஏற்றுபவர், கசிந்த நீர் குழாய்களுக்குத் திரும்பும் நேரத்தில் அதன்மேல் மேலும் நீரைச் சேர்க்கிறார்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த முதியவரிடம் அது பொய்யாகக் குறைந்தே நிற்கும், திரவம் ஏற்றினால் மேலும் நீர்த்துப்போகும், சிறுநீரகம் அடிபட்டு ஒரு நாளோ இரு நாளோ கழித்தே ஏறும். இந்தத் தாமதத்தைப் போக்க என்கால் போன்ற புதிய குறிப்பான்கள் வந்தன. 2005-இல் குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சையில் அது காட்டிய துல்லியம், செப்சிஸும் வயோதிகமும் கலந்த பெரியவர்களிடம் கிடைக்கவில்லை. எனக்குப் பயன்படுவது 2013-இல் முறைப்படுத்தப்பட்ட எளிய சோதனை. நீர்ச்சத்து போதுமானதாக இருக்கும் நோயாளிக்கு சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், முன்பே அந்த மருந்து பெற்றவராயின் 1.5 மில்லிகிராம் கொடுத்து, அடுத்த 2 மணி நேரத்தில் 200 மில்லிக்கு மேல் சிறுநீர் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் டயாலிசிஸை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டியதில்லை. முதல் ஆய்வில் இருந்தவர்கள் 77 பேர் மட்டுமே என்பதால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதயத் தசையின் பாதிப்பைச் சுட்டும் ட்ரோபோனின், ரத்த உறைவைச் சுட்டும் டி-டைமர் இரண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில் எதற்கும் ஏறும். செப்சிஸ், சிறுநீரகச் செயலிழப்பு என ஏறும் நிலைகளைவிட, ஏறாத நிலைகளைப் பட்டியலிடுவதுதான் எளிது. கொரோனாவின்போது டி-டைமர் ஏறியவர்களுக்கெல்லாம் ரத்த உறைவைத் தடுக்கும் ஹெபாரினை முழு அளவில் கொடுக்கும் வேகம் எழுந்தது. தீவிர நிலையிலிருந்தவர்களுக்கு அதனால் ஆதாயமில்லை என்று 2021-இல் பன்னாட்டு ஆய்வு தெளிவாக்கியது. அதே காலத்தில் சிஆர்பி ஒரு மருந்தைத் தொடங்குவதற்கு நியாயமாகப் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைவும் சிஆர்பி 75-க்குக் குறையாத அளவும் உள்ளவர்களுக்கு அழற்சியைத் தணிக்கும் டோசிலிசுமாப் கொடுத்ததில் இறப்பு 35-இலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. அங்கே எண்ணும் மருந்தும் ஒரே ஆய்வில் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. அந்த எண் மருந்தின் நுழைவாயிலாகவே இருந்தது. எண்ணை ஓரிடத்திலும் மருந்தை வேறிடத்திலும் எடுத்து நாமே முடிச்சுப் போடும்போதுதான் தவறு நேர்கிறது.

கடலூர் மாவட்ட வயல்வெளிகளிலிருந்து வரும் பூச்சிமருந்து நஞ்சு நோயாளிகளிடம் நாள்தோறும் பார்க்கப்படும், அந்த நஞ்சு முடக்கும் நொதியான கோலினெஸ்டரேஸும் இதே வகை. எந்தப் பூச்சிமருந்து என்பதைப் பொறுத்து அதன் அளவுக்கும் நோயின் கடுமைக்கும் உள்ள உறவு மாறுகிறது. ரத்தத்தில் அது இயல்புக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். நஞ்சின் விளைவை முறிக்கும் அட்ரோபினின் அளவைத் தீர்மானிப்பது நுரையீரலின் ஒலியும் அக்குள் வியர்வையும் நாடித்துடிப்பும். வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கலாமா என்பதற்கு, தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். முதல் நாள் தேறியவருக்கு 1 முதல் 4 நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரும் நிலையை 1987-இல் இலங்கை மருத்துவர்கள் விவரித்த நாளிலிருந்து, கழுத்துதான் அங்கே நம்பகமான சாட்சி.

இவ்வளவும் சொன்ன பிறகு, தொடங்குவதற்கே நான் நம்பும் ஒரு ரத்தச் சோதனையைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தவரின் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை அது. நாளத்திலிருந்து எடுத்த 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒருமுறை மட்டும் சாய்த்துப் பார்க்க வேண்டும். திரவமாகவே ஓடினால் விஷமுறிவு மருந்தைத் தொடங்க அதுவே போதிய காரணம். முதல்முறை உறைந்துவிட்டது என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. விஷம் மெதுவாக ஏறக்கூடும் என்பதால் அடுத்த சில மணி நேரங்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதன் மறுபாதியும் சுவையானது. மருந்து செலுத்தி 6 மணி நேரம் கழித்து அதே சோதனையைச் செய்கிறோம். இழந்த உறைதல் காரணிகளைக் கல்லீரல் மீண்டும் உண்டாக்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். அப்போது உறைந்தால் அடுத்த சுற்று மருந்து தேவையில்லை, உறையாவிட்டால் தேவை. தொடங்குவதையும் நிறுத்துவதையும் ஒரே குழாய் சொல்கிறது.

அதைக் கெடுக்கும் வழிகளும் உண்டு. பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் சரியாக உறையாது, ஏனெனில் உறைதலைத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்பு. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயிலும் உறையாது. இரண்டுமே விஷம் ஏறாதவருக்கு ஏறியதாகக் காட்டி, ஒவ்வாமை அபாயமுள்ள மருந்தை வீணாக ஏற்றவைக்கும். ஆய்வகங்கள் அனைத்தும் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்ட இந்த நாளில், கண்ணாடிக் குழாய்களைக் கேட்டு வாங்கித்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் பிரிவில் அவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து, கழுவி மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். மழைக்காலம் தொடங்கும் முன் அந்தப் பெட்டியை நிரப்புவது செவிலியர்களின் வேலைப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.